மாடியில் லேப் கட்டலாமா, கேட்டில் பெட்டி வைக்கலாமா?

கோவையில் பம்ப் செய்கிற நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு தாளோடு வந்தார். மோனோபிளாக், சப்மெர்சிபிள் இரண்டும் போடுகிறார், 140 பேர் வேலை செய்கிறார்கள். "வருஷத்துக்கு 15 லட்சம் ஒதுக்கி வெச்சிருக்கேனுங்க. நம்ம ஆளுங்க புதுசா ஏதாவது யோசிக்கணும், செஞ்சு பார்க்கணும். இந்த நாலுல எதுல போடறது?" என்றார். தாளில் நான்கு வரி. மாடி காலியாக இருக்கிறது, அங்கே தனியாக ஒரு ஆர் அண்ட் டி லேப். இல்லையென்றால் கூகுள் மாதிரி ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் சொந்த யோசனைக்கு. இல்லையென்றால் வருடத்துக்கு இரண்டு ஹேக்கத்தான், அதாவது ஒரே நாளில் யோசித்துச் செய்து காட்டுகிற போட்டி. கடைசியாக, கேட் பக்கத்தில் ஒரு யோசனைப் பெட்டி. இதை எழுதும்போது அவருக்கே நம்பிக்கை இல்லை போல, கையெழுத்து கொஞ்சம் சின்னதாக இருந்தது.

இந்த நான்கையும் ஏதோ ஒரு வடிவத்தில் நான் வேலை செய்த இடங்களில் பார்த்திருக்கிறேன். இரண்டு என் கண் முன்னாலேயே செத்தன. அதனால் அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், இதே குழப்பத்தில் இருக்கிற சின்ன, நடுத்தர கம்பெனிக்காரர்கள் நிறைய பேர் இருப்பார்கள்.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு பழைய கதை. முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் ஃபவுண்ட்ரியில் இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம்) வார்ப்பில் ப்ளோ ஹோல் தொல்லை, உள்ளே காற்று மாட்டி ஓட்டை விழும். மோல்டிங்கில் இருந்த ஒருவர், உலோகம் உள்ளே போகிற பாதையைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம் என்றார். சரி என்று 12 வார்ப்பு ஊற்றினோம், 9 வீணாயிற்று. அந்த 9-ம் அந்தப் பிரிவின் ரிஜெக்‌ஷன் கணக்கில் ஏறியது, மாத ரிஜெக்‌ஷன் வரம்பைத் தாண்டியது, ஷிஃப்ட் முழுவதற்கும் இன்சென்டிவ் போயிற்று. யாரும் நிர்வாகத்தைத் திட்டவில்லை, அந்த மனுஷனைத்தான் திட்டினார்கள். அதே வாரம் மேலே மீட்டிங் ஹாலில் புதுமை பற்றி ஒரு மணி நேரப் பேச்சு நடந்தது, டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். அப்புறம் அந்தப் பிரிவில் யாரிடம் எதைக் கேட்டாலும் "நமக்கெதுக்குங்க வம்பு" என்ற ஒரே பதில்தான்.

அன்றிலிருந்து எந்தத் திட்டத்தைப் பற்றி யார் பேசினாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். செய்து பார்க்கிற நேரம் யாருடைய வேலை நேரத்திலிருந்து போகிறது? வீணாகிற பொருள் யார் கணக்கில் எழுதப்படுகிறது? யோசனை சொன்னவனுக்கு எத்தனை நாளில் பதில் வருகிறது? நண்பரின் நான்கு வரியையும் இந்த மூன்றை வைத்துத்தான் பார்த்தேன்.

வாரத்தில் ஒரு நாள்

கூகுள் 2004-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது நிறுவனர்கள் எழுதிய கடிதத்தில் இந்த 20 சதவீத நேரத்தைச் சொல்லியிருந்தார்கள், அதிலிருந்துதான் உலகம் முழுக்கப் பிரபலம். சென்னை ஐஐடியில் படித்துவிட்டுப் போன கிருஷ்ண பரத், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஒரே செய்தியைப் பல பத்திரிகைகளிலிருந்து ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று செய்ததுதான் கூகுள் நியூஸ் ஆனது. நல்ல உதாரணம்தான். ஆனால் அது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை, தப்பாகப் போனால் வீணாவது அவருடைய மாலை நேரம் மட்டும். பிற்காலத்தில் அங்கே இருந்தவர்களே, நூறு சதவீத வேலையை முடித்துவிட்டு அதற்கு மேல் செய்வதால் இது 120 சதவீதம் என்று கிண்டல் செய்தார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு மூத்தது அமெரிக்காவின் 3எம். அந்தக் கதையை எல்லோரும் பாதியிலிருந்து சொல்கிறார்கள், முதலிலிருந்து கேட்டால்தான் ருசி. 1902-ல் அரைக்கும் கல் தோண்டுவதற்காகத் தொடங்கிய கம்பெனி. தோண்டிய கல் உதவாது என்று தெரிந்ததும் உப்புத்தாள் செய்யப் போனது. 1920-களில் ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் உப்புத்தாளைச் சோதித்துப் பார்க்க செயின்ட் பால் ஊரில் ஒரு கார் பெயின்ட் பட்டறைக்குப் போனார். அப்போது இரண்டு நிறத்தில் கார் பெயின்ட் அடிப்பதுதான் மோஸ்தர், மறைக்க ஒட்டிய தாளைப் பிய்க்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து உரிந்து வர, பெயின்டர்கள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள். ட்ரூ, நான் ஒரு டேப் செய்து தருகிறேன் என்றார். மேலே இருந்த மெக்நைட் ஒரு கட்டத்தில் அதை விட்டுவிட்டு உப்புத்தாள் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டார். ட்ரூ கொஞ்ச நாள் கேட்டார், அப்புறம் பழையபடி டேப்புக்கே போனார். மெஷின் வாங்க அனுமதி கிடைக்காதபோது, தான் கையெழுத்துப் போடக்கூடிய 100 டாலர் வரம்புக்குள் 99 டாலர், 99 டாலர் என்று பல ஆர்டராகப் பிரித்து வாங்கினார் என்று அங்கே சொல்வார்கள். 1925-ல் மாஸ்கிங் டேப் வந்தது. அவரை வேலையைவிட்டுத் தூக்கவில்லை என்பதுதான் இதில் முக்கியமான செய்தி, அந்த 15 சதவீத நேர விதி பிற்பாடு, 1948 வாக்கில்தான் வந்தது. அதாவது முதலில் பழக்கம், அதற்கப்புறம்தான் விதி. நம் ஊர்க் கம்பெனிகள் விதியை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுகின்றன.

மஞ்சள் ஒட்டுத்தாள் கதையும் அங்கேதான். 1968-ல் ஸ்பென்சர் சில்வர் ஒரு வலுவில்லாத பசையைக் கண்டுபிடித்தார். எதற்கு உதவும் என்று யாருக்கும் தெரியவில்லை, அவர் கம்பெனிக்குள்ளேயே பிரிவு பிரிவாகப் போய் அதைக் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சைக் கேட்டிருந்த ஆர்ட் ஃப்ரை, 1974-ல் தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் அடையாளத் தாள் நழுவி விழுந்துகொண்டே இருந்த எரிச்சலில் அந்தப் பசையை நினைத்தார். 1977-ல் நான்கு ஊர்களில் விற்றுப் பார்த்தார்கள், ஓடவில்லை. மறு வருடம் பாய்சி நகரத்தில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கிய பிறகுதான் ஜனங்கள் திரும்பக் கேட்டார்கள், 1980-ல் நாடு முழுக்க வந்தது. பசைக்கும் கடைக்கும் நடுவே 12 வருடம். சில்வருக்கு நேரம் மட்டும் கொடுத்திருந்தால் அந்தப் பசை அலமாரியில் இருந்திருக்கும், அவர் மற்ற பிரிவுகளுக்குள் நுழைந்து பேச முடிந்ததுதான் காரியத்தை நடத்தியது. 2001-ல் புதிதாக வந்த தலைவர் ஜேம்ஸ் மெக்நெர்னி, தவறுகளை எண்ணிக் குறைக்கிற சிக்ஸ் சிக்மா கட்டுப்பாட்டை ஆலையோடு நிறுத்தாமல் ஆராய்ச்சிக்கும் போட்டபோது பழைய ஆட்கள் மூச்சு முட்டுகிறது என்றார்கள், அவருக்கு அடுத்து வந்த ஜார்ஜ் பக்லி ஆராய்ச்சிப் பக்கம் அதைத் தளர்த்தினார்.

நண்பரின் கம்பெனிக்கு இது ஒத்துவருமா? டிசைன், டூல் ரூம், டெஸ்ட் பெட் சேர்த்து ஒரு 20 பேருக்கு ஒத்துவரலாம். அசெம்பிளி லைனில் நிற்கிற ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் என்றால் மற்றவர்கள் அவன் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அல்லது லைன் நிற்க வேண்டும். அதுவும் மாசியிலிருந்து சித்திரை வரை சீசனில், கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க டீலர் போன் மேல் போன் போடுகிற நேரத்தில், எந்த சூப்பர்வைசர் ஆளை விடுவார்? முதல் கேள்வியிலேயே அடிபடுகிறது. 140 பேரில் 20 பேருக்கு மட்டும் நேரம் என்றால் மீதி 120 பேர் அதை என்னவென்று பேசிக்கொள்வார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஹேக்கத்தான்

இதற்கு ரொம்ப இடம் தேவையில்லை. ஆஸ்திரேலிய மென்பொருள் கம்பெனி அட்லாசியன் 24 மணி நேரத்துக்குள் ஏதாவது செய்து காட்டும் நாளை 2005 முதல் நடத்தி வருகிறது, அங்கே அது வேலை செய்கிறது, ஏனென்றால் 24 மணி நேரத்தில் ஓடக்கூடிய ஏதோ ஒன்றை எழுதிவிட முடியும். பம்பில் ஒரு புது இம்பெல்லரை வார்க்க வேண்டிய மாதிரி அச்சை, அதாவது பேட்டர்னை, செய்யவே வாரக் கணக்காகும். ஒரு நாளில் செய்யக்கூடியது பவர்பாயின்ட் மட்டும்தான். டி-ஷர்ட், பிரியாணி, குரூப் போட்டோ, ஜெயித்தவருக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர், மறுநாள் எல்லோரும் பழைய இடத்தில். நான் பார்த்ததில் ஜெயித்த யோசனைகளில் ஒன்றுகூட லைனுக்கு வரவில்லை, தோற்றதில் ஒன்று வந்தது, அதுவும் தோற்றவர் பிடிவாதக்காரர் என்பதால்.

ஆனால் அதில் ஒரு நல்லது உண்டு: சர்வீஸ் பையன்கள், வைண்டிங் அக்காக்கள், கணக்குப் பிரிவு, டிசைன் எல்லோரும் ஒரே மேசையில் உட்காருகிற ஒரே நாள் அதுதான். அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். திரும்பி வந்த மோட்டார்களை ஒரு சனிக்கிழமை தரையில் பரப்பி எல்லோர் முன்னாலும் பிரியுங்கள், போட்டி வேண்டாம், பரிசு வேண்டாம். எரிந்த வைண்டிங்கைப் பார்த்தால் லோ வோல்டேஜில் ஓட்டியதா, மணல் புகுந்து ஜாம் ஆனதா, தண்ணீர் இல்லாமல் ஓடியதா என்று கிராமத்துக்குப் போய் வந்த சர்வீஸ் பையன் பார்வையிலேயே சொல்வான். டிசைனில் இருப்பவருக்கு அது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. செலவு, மதியச் சாப்பாடு.

மாடி லேப்

நண்பரின் மனசு இதில்தான் இருந்தது, தெரிந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, வருகிறவர்களுக்குக் காட்டலாம். கணக்குப் போட்டோம்: அனுபவமுள்ள ஒரு டிசைன் எஞ்சினியர் சம்பளம், நீரோட்டம் கணக்கிடுகிற மென்பொருளின் வருடச் சந்தா, இரண்டிலேயே 15 லட்சம் தாண்டிவிடும். கோவையில் பம்ப் சோதிக்க சிட்டார்க் என்ற சோதனை மையம் இருக்கிறது, பொறியியல் கல்லூரிகளில் வசதி இருக்கிறது, காசு கட்டினால் சோதித்துத் தருவார்கள்.

காசை விடுங்கள். தனி லேப் என்றாலே எல்லோரும் ஜெராக்ஸ் பார்க் கதையைச் சொல்வார்கள். 1970-ல் கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் தொடங்கிய ஆராய்ச்சி மையம். 1973-ல் ஆல்டோ என்ற கம்ப்யூட்டர், திரையில் ஜன்னல்கள், மௌஸ், ஈதர்நெட், எல்லாம் அங்கே. கம்பெனியின் மேலிடம் நாட்டின் மறு கரையில் இருந்தது, காப்பி மெஷின் விற்பவர்களுக்கு இது என்ன என்றே புரியவில்லை. 1979-ல் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனார், அந்த ஜன்னலும் மௌஸும் ஆப்பிள் கம்ப்யூட்டரில் வந்து பேர் வாங்கின, மீதி தெரிந்ததுதான்.

இந்தக் கதையை லேபுக்கு எதிராகச் சொல்வது பாதி அநியாயம். லேசர் பிரின்டர் என்ற யோசனையை கேரி ஸ்டார்க்வெதர் முதலில் நியூயார்க் மாநிலத்தில் வெப்ஸ்டரில் இருந்த ஜெராக்ஸின் பழைய ஆராய்ச்சிக்கூடத்தில் தொடங்கினார். மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை, நிறுத்தச் சொன்னார். 1971-ல் பார்க்குக்கு மாற்றல் வாங்கிப் போய்தான் முடித்தார். 1977-ல் விற்பனைக்கு வந்த அந்த வகை பிரின்டர்கள் ஜெராக்ஸுக்குச் சம்பாதித்துக் கொடுத்த பணத்தைப் பார்த்தால் அந்த லேப் செலவு ஒன்றுமே இல்லை. ஆக, லேபுக்கு ஒரு உண்மையான உபயோகம் உண்டு: நிறுத்து என்று மேலதிகாரி சொல்ல முடியாத இடத்தில் ஒரு பிடிவாதக்காரரை உட்கார வைப்பது. உங்களிடம் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டேன். நண்பர் யோசித்தார், "ஒருத்தர் இருந்தாருங்க, போன வருஷம் போயிட்டார்" என்றார்.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு மாதிரி இருக்கிறது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவைக்கு வைக்கிற லென்ஸ் இறக்குமதி விலை ஏழைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று 1992-ல் அரோலேப் என்ற தனி அமைப்பைத் தொடங்கி லென்ஸைத் தானே செய்தது. இதுவும் தனி இடம்தான். ஆனால் கேள்வி மருத்துவமனையிலிருந்து வந்தது, பதில் மருத்துவமனைக்கே போனது, லென்ஸ் சரியில்லையென்றால் அதை வைத்துப் பார்த்த மருத்துவர் அதே ஊரில் இருக்கிறார். பார்க்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கருவியிலோ மூளையிலோ இல்லை, நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. நண்பரின் மாடிக்குத் தூரம் 22 படிதான், ஆனால் ஷாப் ஃப்ளோரில் வேலை செய்கிறவர் எண்ணெய்க் கையோடு அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவாரா என்றால், எனக்குச் சந்தேகம்.

பெட்டி

பெட்டியைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வருடத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்கு முன்னால் துடைக்கும்போது சாவியைத் தேடுவார்கள். உள்ளே நாலு தாள், மூன்றில் கேன்டீன் சாம்பார், ஒன்றில் சூப்பர்வைசர் பெயர்.

ஆனால் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற யோசனை, நான்கிலும் எனக்குப் பிடித்தது. டொயோட்டாவின் ஆட்கள் 1950-ல் அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையைப் பார்க்கப் போனவர்கள், அங்கே இருந்த யோசனைத் திட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து 1951-ல் தங்கள் ஆலையில் தொடங்கினார்கள். பார்த்துக் கற்றது அமெரிக்காவில், அதை வைத்துப் பேர் வாங்கியது ஜப்பானில். அங்கே யோசனை சொன்னவர் தாளைப் போட்டுவிட்டுப் போவதில்லை, தன் பெஞ்சிலேயே செய்து பார்க்கிறார், குழுத் தலைவர் பக்கத்தில் நிற்கிறார். யோசனைகள் ரொம்பச் சின்னவை: ஸ்பேனரை எங்கே மாட்டுவது, பெட்டியின் உயரம் என்ன, ஒரு போல்ட்டுக்குப் பதில் கிளிப் போடலாமா.

ஆட்கள் சரியில்லை என்று சொல்கிற முதலாளிகளுக்கு நான் சொல்வது நம்மி கதை. கலிபோர்னியாவில் ஃப்ரிமான்ட் என்ற இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கார் ஆலையை 1982-ல் மூடியது. வேலைக்கு வராதது, சண்டை, தரக்கேடு என்று பேர் கெட்ட ஆலை. 1984-ல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து அதே இடத்தில் நம்மி என்று திறந்தார்கள், பெரும்பாலும் அதே தொழிலாளர்கள், அதே சங்கம். கொஞ்ச காலத்தில் கம்பெனியின் நல்ல ஆலைகளில் ஒன்றாகிவிட்டது. தப்பைப் பார்த்தால் தொழிலாளி கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம், இழுத்தால் மேலதிகாரி வந்து என்ன ஆயிற்று, எப்படி உதவட்டும் என்று கேட்பார். ஜெனரல் மோட்டார்ஸ் இதைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோகப் பல வருடம் திணறியது. கயிற்றைக் கட்ட ஒரு நாள் போதும், இழுத்தவனைத் திட்டாமல் இருப்பதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

தாளில் இல்லாத ஐந்தாவது

நண்பர் எழுதாத ஒன்று, எது நல்லது என்று வாதாடாமல் சின்ன அளவில் செய்து பார்ப்பது. மைக்ரோசாஃப்டின் பிங் தேடலில் 2012-ல் ஓர் ஊழியர் விளம்பரத் தலைப்பைக் காட்டும் விதத்தைக் கொஞ்சம் மாற்றலாம் என்றார். சாதாரண யோசனை என்று ஆறு மாதத்துக்கு மேல் வரிசையில் கிடந்தது. ஒரு எஞ்சினியர் எழுதி, பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது என்று விட்டுப் பார்த்தார். வருமானம் 12 சதவீதம் ஏறியது, அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல். அந்தச் சோதனைகளை நடத்திய ரான் கொஹாவி சொல்வது இன்னும் சுவாரசியம்: மைக்ரோசாஃப்டில் சோதித்த யோசனைகளில் மூன்றில் ஒரு பங்குதான் பலன் தந்தது, ஒரு பங்கு ஒன்றும் செய்யவில்லை, ஒரு பங்கு கெடுத்தது. படித்தவர்கள் உட்கார்ந்து நல்லது என்று நம்பிச் செய்தவற்றின் கணக்கு இது.

ஆனால் இதை அப்படியே பம்புக்குக் கொண்டுவர முடியாது, இங்கே நிறைய பேர் ஏமாறுகிறார்கள். தண்ணீர் ஒழுகாமல் தடுக்கிற புது சீல் போட்ட 30 பம்பை ஒரு டீலருக்கு அனுப்பி, பழைய சீலோடு 30 அனுப்பி, சீசன் முடிந்து எண்ணலாம் என்று தோன்றும். 100-க்கு 4 திரும்பி வருவதுதான் வழக்கம் என்றால், 30-க்கு ஒன்று வரலாம், வராமலும் போகலாம். புதியதில் ஒன்றும் வரவில்லை என்று சந்தோஷப்பட அதில் எதுவும் இல்லை. அதற்குப் பதில் டெஸ்ட் பெட்டிலேயே பழைய சீல் ஐந்து, புது சீல் ஐந்து, மணல் கலந்த தண்ணீரில் ஒழுகும் வரை ஓட்டுங்கள், எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். கெடுப்பதற்காகவே ஓட்டுகிற சோதனையில் பத்து பம்ப் போகும். போகட்டும். யார் கணக்கில் என்பதுதான் கேள்வி, அதனால்தான் முதலிலேயே அந்த ஃபவுண்ட்ரி கதையைச் சொன்னேன்.

15 லட்சத்தைப் பிரித்தது

பெட்டியின் யோசனை, ஐந்தாவதின் முறை, இரண்டையும் சேர்த்து, பெட்டியை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். 4 லட்சம் சோதனை ஸ்கிராப்புக்குத் தனிக் கணக்கு. அந்தப் பொருளுக்குப் பச்சை டேக், அது எந்தப் பிரிவின் ரிஜெக்‌ஷனிலும் ஏறாது, இன்சென்டிவைத் தொடாது. 3 லட்சம் ஒரு ரிலீவர் சம்பளம், யோசனை சொன்னவர் அரை நாள் லைனைவிட்டு வர, அவர் இடத்தில் நிற்க ஓர் ஆள். நான்கரை லட்சம் ஒரு இளம் எஞ்சினியர், டிசைன் செய்ய அல்ல, கீழே நின்று, சொல்கிறவர்களின் யோசனையைச் சோதனையாக மாற்றி எழுதிவைக்க. 2 லட்சம் வெளியே சோதிக்க. மீதி ஒன்றரை கையில் இருக்கட்டும். யோசனைக்கு மூன்று வேலை நாளில் பதில், முடியாது என்றாலும் காரணத்தோடு, நேரில். பெரிய பரிசு வைக்காதீர்கள், வைத்தால் யோசனை யாருடையது என்ற சண்டைக்குத் தனியாக ஓர் ஆள் போட வேண்டிவரும்.

ஒன்றை முன்கூட்டியே எச்சரித்தேன்: முதல் ஆறு மாதம் தப்புகளின் எண்ணிக்கை ஏறும். 1990-களில் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக ஒத்துழைக்கிற வார்டுகளில்தான் அதிகத் தவறு பதிவாகியிருந்தது. முதலில் அவருக்கே குழப்பம். அப்புறம்தான் புரிந்தது, அங்கே இருப்பவர்கள் பயப்படாமல் சொல்கிறார்கள், மற்ற இடத்தில் மறைக்கிறார்கள். பச்சை டேக் வந்ததும் இதுவரை ஸ்கிராப் குவியலில் சத்தமில்லாமல் போனதெல்லாம் மேலே வரும், அதைப் பார்த்துப் பயந்து மூடிவிடக் கூடாது.

இதே கேள்வியை 20 எஞ்சினியர் வைத்திருக்கிற மென்பொருள்காரர் கேட்டிருந்தால் வாரத்தில் ஒரு நாளைத்தான் சொல்லியிருப்பேன். பத்து வருடம் கழித்து வரப்போகிற மருந்தைத் தேடுகிறவருக்கு லேப் இல்லாமல் முடியாது.

நண்பர் பச்சை டேக்கையும் ரிலீவரையும் உடனே ஒத்துக்கொண்டார், எஞ்சினியர் விஷயத்தில் தன் அக்கா பையன் ஒருவன் இருக்கிறான் என்றார், நான் ஒன்றும் சொல்லவில்லை. லேப் ஆசையை இன்னும் விடவில்லை. மாடி இப்போதைக்கு பேக்கிங் அட்டை அடுக்கும் இடமாக இருக்கிறது.